குட்டை பெட் பிக்கப்புக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்க ஆசைப்பட்டு, ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப்பிலேயே அதை இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஹிட்ச் நல்லது?" என்றுதான். கேள்வி சரிதான், ஆனால் அதற்கான இடம் மூன்றாவது. வண்டி அந்த எடையைத் தாங்குமா என்பது முதல் கேள்வி. வளையும்போது டிரெய்லரின் முன்மூலைக்கும் வண்டியின் கேபினுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் மிஞ்சும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், ஹிட்ச் விஷயத்தில் மிச்சமிருக்கும் வழிகள் இரண்டோ மூன்றோதான்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் பம்பருக்குக் கீழே உள்ள உருண்டையில் மாட்டும். ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. அதன் மூக்கு பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மேலே நீண்டு வரும். அந்தத் தொட்டியை அங்கே பெட் என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மூக்கின் அடியில் 2 அங்குலக் குறுக்களவுள்ள கிங்பின் ஒன்று தொங்கும். பெட்டின் நடுவில், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பொருத்திய ஹிட்ச் அதைக் கவ்விப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரியில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். எடை பின் அச்சின் மேலேயே இறங்குவதால் டிரெய்லர் வால் ஆட்டுவது வெகுவாகக் குறையும். ஓட்டிப் பழகியவர்கள் பம்பரில் மாட்டும் டிரெய்லருக்குத் திரும்ப மனசு வராமல் போவதற்கு அதுதான் காரணம்.

கன்டெய்னர் லாரியில் கேபினுக்குப் பின்னால் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். பிக்கப்பில் அந்த இடத்தைத் தீர்மானிப்பது பெட்டின் நீளம். 8 அடி பெட் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. குட்டை பெட்டில்தான் தகராறு. கூர்மையாக வளையும்போது டிரெய்லரின் முன்மூலை வந்து கேபினின் பின்கண்ணாடியையோ மூலையையோ இடிக்கும். சாலையில் இது நடக்காது, அங்கே யாரும் அவ்வளவு வளைவதில்லை. கேம்ப் கிரவுண்டில் இடுக்கான இடத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் நடக்கும். அந்த நேரத்தில் உங்கள் கண் டிரெய்லரின் வால் எந்த மரத்தில் படப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். தலைக்குப் பின்னால் நெருங்கி வரும் மூலையை யார் பார்ப்பது?

முதல் வேலை: கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். உங்கள் வண்டியின் பேலோடு அதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் "13,000 பவுண்டு இழுக்கும்" என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஃபிஃப்த் வீலில் இழுக்கும் திறனைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது சுமக்கும் திறன்.

ஏனென்றால் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக உங்கள் பெட்டில் இறங்கும். கணக்குக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முழுச் சுமையில் 12,000 பவுண்டு வரை போகக்கூடிய டிரெய்லர் என்றால் 2,400 பவுண்டு வண்டி மேல். ஹிட்ச் ஒரு 200. குடும்பம், நாய், ஐஸ் பெட்டி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 700 என்றால் மொத்தம் 3,300. எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 மாதிரி ஹாஃப் டன் வண்டிகளில் (ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் வண்டியின் வகைப்பெயர்கள்தான்) அந்த ஸ்டிக்கர் எண் பல சமயம் 1,500-க்கும் 2,000-க்கும் இடையில்தான் இருக்கும். டீசல் இன்ஜின் போட்ட முக்கால் டன் வண்டியில்கூட அது 2,500-ஐத் தொடாமல் நிற்பதுண்டு, இன்ஜினே அவ்வளவு கனம். ஆக அந்த டிரெய்லருக்கு ஒரு டன் வண்டி, அதாவது எஃப்-350, ராம் 3500 வகையறா வேண்டும்.

சரி, சின்ன டிரெய்லராக 8,000 பவுண்டு எடுத்தால்? 1,600 கிங்பின்னில், 150 ஹிட்சில், 500 ஆட்களும் சாமானும். 2,250 ஆகிவிட்டது. ஹாஃப் டன்னில் அதுவும் பெரும்பாலும் தாண்டிவிடும். "ஹாஃப் டன்னில் இழுக்கலாம்" என்று டிரெய்லரின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டியே விற்கிறார்கள். உங்கள் கதவிலுள்ள ஸ்டிக்கருக்கும் அந்த ஸ்டிக்கருக்கும் சண்டை வந்தால், கதவு சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொரு வலை, டிரெய்லர் பட்டியலில் போட்டிருக்கும் கிங்பின் எடை. அது காலி டிரெய்லருக்கானது. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பெரிய சாமான் அறை எல்லாம் பொதுவாக முன்பக்கமே இருப்பதால், நிரப்பியதும் அந்த எண் பல நூறு பவுண்டு ஏறும். அதனால் டிரெய்லரின் உச்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். வாங்கிய பிறகு லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடலாம். டிரெய்லரோடு ஒரு எடை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு எடை. வண்டியின் இரண்டு அச்சுகளில் கூடியிருக்கும் வித்தியாசம்தான் உண்மையான கிங்பின் எடை. பின் அச்சுக்கும் பின் டயர்களுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு, அதையும் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லாச் சுமையும் அங்கேதான் போய் உட்காரும்.

இரண்டாவது வேலை: டேப்பும் கொஞ்சம் கணக்கும்

குட்டை பெட் என்று சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம். ஹாஃப் டன்னில் 5.5 அடி பெட்டும் உண்டு, 6.5 அடியும் உண்டு. ஃபோர்டின் சூப்பர் டூட்டியில் குட்டை என்பது 6.75 அடி. ராம் 2500-ல் 6 அடி 4 அங்குலம். டீலர் 6.5 அடியை "ஸ்டாண்டர்டு" என்பார், ஹிட்ச் கடைக்காரர் அதையே "ஷார்ட்" என்பார். பெயரை விட்டுவிட்டு அளந்துவிடுவதே நல்லது. அளக்க வேண்டியது பெட்டின் நீளத்தைக்கூட அல்ல. ஹிட்சின் நடுப்புள்ளி வரப்போகும் இடத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரைக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். பின் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கு நேராகப் பெட்டின் விளிம்பில் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். அங்கிருந்து கேபின் வரை அளந்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். ஹிட்ச் அச்சுக்கு 2 அங்குலம் முன்னால் உட்காருமானால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு டிரெய்லருக்குப் போங்கள். இரண்டு அளவு வேண்டும். ஒன்று, முன்பக்கத்தின் அகலம். 96 அங்குலமும் உண்டு, 102 அங்குலமும் உண்டு. நமக்கு வேண்டியது அதில் பாதி. இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் முன்மூலை எவ்வளவு பின்தள்ளி இருக்கிறது? ஒரு நீளமான சட்டத்தை இரண்டு முன்மூலைகளையும் தொடும்படி குறுக்கே பிடித்துக்கொண்டு, அதிலிருந்து கிங்பின்னின் நடுப்புள்ளிக்கு அளக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஹிட்சிலிருந்து கேபினுக்கு 38 அங்குலம். டிரெய்லர் 96 அங்குல அகலம், ஆக பாதி 48. கிங்பின்னும் முன்மூலைகளும் ஒரே கோட்டில் இருக்கிற பழைய பாணிச் சதுர மூக்கு என்றால், வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே கோணம் 52 டிகிரியைத் தொட்டதும் மூலை கேபினைத் தொட்டுவிடும். ரிவர்ஸில் 52 டிகிரி என்பது ரொம்பச் சீக்கிரம் வந்துவிடும் கோணம். இப்போது அதே வண்டிக்கு, மூலைகள் கிங்பின்னுக்கு 20 அங்குலம் பின்தள்ளி இருக்கிற டிரெய்லரை மாட்டுங்கள். இடிப்பதற்குக் கோணம் கிட்டத்தட்ட 70 டிகிரி வரை போகவேண்டும். மூலையை வளைத்துச் சீவியிருந்தால் இன்னும் கூடும். ஹிட்சில் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே 18 டிகிரி கிடைத்துவிட்டது பாருங்கள்.

டிரெய்லர் கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் இப்போது வரும் பல டிரெய்லர்களின் மூக்கு இரண்டு பக்கமும் உள்வாங்கி, கிங்பின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கீஸ்டோன் இதை மேக்ஸ்டர்ன் என்ற பெயரில் விற்கிறது. மற்றவர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். குட்டை பெட்டில் 90 டிகிரி வரை வளையலாம் என்று விளம்பரம் சொல்லும். அது எந்த வண்டியை வைத்துச் சொன்னது, எந்த நீள பெட், ஹிட்ச் எங்கே பொருத்தியிருந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் மூன்று அளவுகளையும் ஒரு தாளில் அளவுக்குத் தக்கபடி வரைந்து, டிரெய்லர் மூக்கை மட்டும் அட்டையில் வெட்டி, கிங்பின் இடத்தில் குண்டூசி குத்திச் சுழற்றிப் பாருங்கள். அரைமணி நேர வேலை. கடைக்காரரின் வாக்குறுதியைவிட அந்த அட்டை நம்பகமானது.

ஒரு பொது விதி வேண்டுமென்றால்: ஹிட்சிலிருந்து கேபின் வரையுள்ள தூரம், டிரெய்லரின் பாதி அகலத்தைவிட 4 அங்குலமாவது கூடுதலாக இருந்தால் எந்த மூக்காக இருந்தாலும் நிம்மதி. தரை எப்போதும் சமமாக இருக்காது, வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும், அதற்காகத்தான் அந்த 4 அங்குலம். குட்டை பெட்டில் இந்த விதி தேறுவது அபூர்வம். பெட்டுக்குள் கேபினை ஒட்டிக் கருவிப்பெட்டி வைத்திருக்கிறீர்களா? அது பெட்டின் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றால், இடிக்கும் முதல் பொருள் கேபின் இல்லை, அந்தப் பெட்டிதான். அளவை அதிலிருந்து எடுங்கள்.

இனி ஹிட்ச்

ஃபிக்ஸ்டு ஹிட்ச், அதாவது நகராதது. அட்டைச் சோதனையில் உங்கள் டிரெய்லர் 80 டிகிரி வரை தாராளமாகத் தேறினால் இதையே வாங்குங்கள். விலை குறைவு, எடை குறைவு, நகரும் பாகம் குறைவு. குட்டை பெட் என்று சொன்ன மாத்திரத்தில் கடைக்காரர் ஸ்லைடரை, அதாவது முன்னும் பின்னும் நகரும் ஹிட்சைக் காட்டுவார். வளைந்த மூக்குள்ள புதிய டிரெய்லரும் 6.75 அடி பெட்டும் வைத்திருப்பவருக்கு அது பல சமயம் தேவையே இல்லாத செலவு.

மேனுவல் ஸ்லைடர். ஹிட்சின் தலை தண்டவாளம் மாதிரியான சட்டத்தில் முன்னும் பின்னும் நகரும். சாலையில் ஓடும்போது முன்னால், அச்சுக்கு மேலே பூட்டியிருக்க வேண்டும். இடுக்கில் வளைக்கும் முன் பின்னால் தள்ளிக்கொள்ளலாம், சுமார் 10, 12 அங்குலம் கிடைக்கும். நம் உதாரணத்தில் 38-ம் 12-ம் சேர்ந்து 50, பாதி அகலம் 48. சதுர மூக்கானாலும் 90 டிகிரியில் 2 அங்குல இடைவெளியோடு தப்பிக்கும். 102 அங்குல டிரெய்லர் என்றால் பாதி 51, அப்போது இந்த ஸ்லைடரும் 78 டிகிரி வாக்கில் கைவிட்டுவிடும். ஸ்லைடர் வாங்கிவிட்டதாலேயே இனி எப்படியும் வளைக்கலாம் என்று இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நகர்த்தும் விதம் எளிது. வண்டியும் டிரெய்லரும் நேர்கோட்டில் நிற்கட்டும். இறங்கிப் போய் ஸ்லைடரின் லீவரை விடுவியுங்கள். திரும்ப ஏறி, பிரேக் கண்ட்ரோலரின் (கேபினில் இருந்தபடி டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கை லீவரை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டியை மெதுவாக முன்னால் எடுங்கள். டிரெய்லர் நிற்கும், வண்டி மட்டும் நகரும், ஹிட்ச் பெட்டில் பின்னுக்குப் போய் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். சாலைக்குத் திரும்பும் முன் அதேபோல் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து ரிவர்ஸ் எடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். மழையில், இருட்டில், பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது இதைச் செய்ய எரிச்சலாகத்தான் இருக்கும். நிறையப் பேர் "இந்தத் தடவை வேண்டாம், சமாளித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டுத்தான் கண்ணாடியை உடைத்துக்கொள்கிறார்கள். வருடத்துக்கு நாலைந்து முறை வெளியே போகிற, நிதானமான ஆளுக்கு மேனுவல் போதும் என்பது என் கருத்து. பி அண்ட் டபிள்யூ, கர்ட், ரீஸ் கம்பெனிகள் எல்லாவற்றிடமும் உண்டு.

ஆட்டோமேட்டிக் ஸ்லைடர். வண்டி வளைய வளைய ஹிட்ச் தானே பின்னால் போகும், நேராகும்போது தானே முன்னால் வரும். புல்ரைட் கம்பெனியின் சூப்பர்கிளைடு இதில் பெயர் பெற்றது. டெம்கோ கம்பெனியிலும் உண்டு. இறங்கி ஏறும் வேலையே கிடையாது. மறதிக்கு இடமில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம். ஆனால் விலை மேனுவலைவிட நன்றாகவே கூடும், எடையும் 200 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த எடை உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். சூப்பர்கிளைடு வேலை செய்ய, கிங்பின்னைச் சுற்றி ஒரு தகட்டை டிரெய்லரில் பொருத்த வேண்டும். வளைவை ஹிட்சுக்குத் தெரிவிப்பது அந்தத் தகடுதான். டிரெய்லரின் கிங்பின் பாக்ஸ், அதாவது கிங்பின்னைத் தாங்கும் பெட்டி, எந்த மாடல் என்று பார்த்து, அதற்கேற்ற தகடு வாங்க வேண்டும். கோணலாக நிற்கும்போது மாட்டுவதும் கழற்றுவதும் இதில் சிரமம், நேராக நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி, தினமும் புது இடத்தில் நிறுத்துபவர்களுக்கு இந்தச் செலவு தகும்.

சுழலும் கிங்பின் பாக்ஸ். இது ஹிட்சை மாற்றாமல் டிரெய்லரை மாற்றும் வழி. ரீஸின் சைட்விண்டர் என்ற பாக்ஸ், வளையும் புள்ளியையே கிங்பின்னிலிருந்து 22 அங்குலம் பின்னால் கொண்டுபோய் வைத்தது. பிற்பாடு ரெவல்யூஷன் என்ற பெயரில் அதன் வாரிசு வந்தது. கிங்பின் ஹிட்சுக்குள் சுழலாமல் இருக்க ஒரு ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள், வளைவெல்லாம் பின்னால் உள்ள அச்சில் நடக்கும். பெட்டில் சாதாரண ஃபிக்ஸ்டு ஹிட்சே போதும். அந்த ஆப்பு உங்கள் ஹிட்ச் மாடலுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும், பொருந்தாவிட்டால் எல்லாமே ஆடும். வண்டியை மாற்றினாலும் டிரெய்லரை வைத்துக்கொள்ளப்போகிறவர்களுக்கு இது நல்ல வழி. டிரெய்லரின் சட்டத்தைச் செய்த கம்பெனி இப்படி பாக்ஸ் மாற்றுவதை ஏற்றுக்கொள்கிறதா, வாரண்டி நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கூஸ்நெக் அடாப்டர் என்று நீளமான குழாயை மாட்டி, பெட் தரையிலுள்ள உருண்டையில் கோர்க்கும் மலிவான வழிக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். நெம்புகோல் நீளம் கூடுவதால் டிரெய்லரின் சட்டம் தாங்கும் விசை வேறாகிவிடுகிறது.

ஆண்டர்சன் அல்டிமேட் என்ற அலுமினிய ஹிட்சைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். சுமார் 35 பவுண்டுதான், ஒரே ஆள் தூக்கி வெளியே வைத்துவிடலாம். கிங்பின்னைக் கவ்வும் தாடை கிடையாது, உருண்டையும் அதன் மேல் உட்காரும் கப்ளரும்தான். கப்ளரைத் திருப்பி மாட்டிச் சில அங்குலம் சம்பாதிக்கலாம். பெட்டைத் தினமும் மரம், மண் ஏற்றப் பயன்படுத்துபவர்களுக்கும், பேலோடில் ஒவ்வொரு பவுண்டையும் எண்ணுபவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்லைடர் தரும் ஒரு அடி இதில் வராது.

5.5 அடி பெட் வைத்திருப்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நீளம் வருவது ஹாஃப் டன்னில். இடமும் போதாது, பேலோடும் போதாது. ஒன்றைச் சமாளிக்கக் கனமான ஆட்டோமேட்டிக் ஸ்லைடர் வைத்தால் மற்றது இன்னும் குறையும். அந்த வண்டிக்கு பம்பரில் மாட்டும் டிரெய்லர்தான் பொருத்தம்.

எதன் மேல் மாட்டுவது

ஹிட்ச் எதுவானாலும் அது நிற்கப்போவது பெட்டின் தகட்டின் மேல் அல்ல, அடியிலுள்ள வண்டிச் சட்டத்தில்தான் பிடிப்பு இருக்க வேண்டும். மூன்று ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, பெட்டில் குறுக்காக இரண்டு ரெயில்கள் போட்டு, துளையிட்டு, அடியில் சட்டத்தோடு போல்ட் போடுவது. பழைய முறை, எந்த ஹிட்சும் பொருந்தும், மலிவு. ரெயில் எப்போதும் பெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், ப்ளைவுட் பலகையைச் சமமாகப் போடமுடியாது.

இரண்டாவது, ஃபோர்டும் ஜிஎம்மும் ராமும் தொழிற்சாலையிலேயே போட்டுத் தரும் அமைப்பு. பெட் தரையில் நான்கு வட்டத் துளைகளும் நடுவில் கூஸ்நெக் உருண்டைக்கு ஒரு துளையும் இருக்கும். அவற்றைப் பக் என்பார்கள். அதற்கேற்ற ஹிட்சை இறக்கிக் கால் திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்ளும். புதிய முக்கால் டன், ஒரு டன் வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த வசதியை ஆர்டரிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு வெளியே செய்வதைவிடச் சல்லிசாக முடியும். ஃபோர்டின் பக்கும் ராமின் பக்கும் ஒன்றல்ல, ஹிட்சை வாங்கும்போது வண்டியின் வருடத்தையும் சொல்லி வாங்க வேண்டும்.

மூன்றாவது, கூஸ்நெக் துளை ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கும் ஹிட்ச். கன்சாஸ் மாநிலம் ஹம்போல்ட்டில் தயாராகும் பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் இப்படிப்பட்டது, ஸ்லைடரிலும் கிடைக்கும். எடுத்துவிட்டால் பெட் சுத்தமாகச் சமதளமாகிவிடும். இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது இதுவும் பக்கும்தான். ரெயிலில் இடறி விழாத ஆளே இல்லை.

தாடை, தலை, உயரம்

ஹிட்சின் தாடை கிங்பின்னை முழுவதுமாகச் சுற்றிக் கவ்வுகிறதா என்று பாருங்கள். இரண்டு பாதியாக வந்து சேரும் தாடையும், சுற்றி அணைக்கும் ஒற்றைத் தாடையும், ஒரு பக்கம் மட்டும் தடுப்புச் சட்டம் நகர்ந்து அடைப்பதும் உண்டு. கடைசிதான் மலிவு, சத்தமும் அதிகம், ஒவ்வொரு பிரேக்குக்கும் 'டொக்' என்று தட்டும். தலை முன்பின்னாக மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சாய வேண்டும். சமமில்லாத தரையில் மாட்டும்போது அந்தச் சாய்வு இல்லாவிட்டால் தலைவலிதான். ஹிட்சின் கொள்ளளவு டிரெய்லரின் உச்ச எடைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். 25,000 பவுண்டு ஹிட்சை வாங்கியதால் வண்டியின் பேலோடு கூடிவிடாது, ஹிட்சின் கனம்தான் கூடும். கிரீஸ் தடவுவதற்குப் பதில் கிங்பின்னில் மாட்டும் வட்டமான பிளாஸ்டிக் தட்டு சில டாலருக்குக் கிடைக்கும். அதை மாட்டிவிட்டால் சட்டை பாழாகாது. ஆட்டோமேட்டிக் ஸ்லைடராக இருந்தால் மட்டும் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

உயரத்தில் இரண்டு விஷயம். டிரெய்லர் மூக்கின் அடிப்பாகத்துக்கும் பெட்டின் பக்கச்சுவர் விளிம்புக்கும் இடையே 6 அங்குலம் வாக்கில் இருக்க வேண்டும், மேடுபள்ளத்தில் இரண்டும் மோதாமல் இருக்க. அதே சமயம் டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். இப்போதைய முக்கால் டன் வண்டிகள் உயரமாக இருப்பதால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, டிரெய்லரின் பின் அச்சில் சுமை கூடிப்போகும். ஹிட்சின் தலையையும் கிங்பின் பாக்ஸையும் ஒவ்வொரு துளையாக ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு டிரெய்லரின் கூரையும் ஏறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம்தான் வரம்பு, பெரிய ஃபிஃப்த் வீல்கள் அதற்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்பவை. கூரையிலுள்ள ஏசி வரை அளந்து, எண்ணை டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உரிமம்

இதை டீலர் சொல்லமாட்டார். கலிபோர்னியாவில் ஃபிஃப்த் வீலின் உச்ச எடை 10,000 பவுண்டைத் தாண்டி 15,000 வரை என்றால் சாதாரண உரிமத்தோடு தனி அனுமதி வாங்க வேண்டும். 15,000-ஐத் தாண்டினால் வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம். கனடாவின் ஒன்டாரியோவில், டொரண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: ஜி உரிமத்தில் இழுக்கப்படும் டிரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 10,140 பவுண்டு. நடுத்தர ஃபிஃப்த் வீலே அதைத் தாண்டிவிடும். மற்ற மாநிலங்களில் வேறு வேறு கணக்கு. வாங்கும் முன் உங்கள் மாநிலத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை மாட்டும்போது

ஏழு முனை மின் சாக்கெட்டைப் பெட்டுக்குள்ளேயே இன்னொன்று வைத்துக்கொள்வது வசதி. பம்பரிலிருந்து கேபிளை இழுத்தால் பின்கதவு அதை நசுக்கும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்கதவை இறக்குங்கள். டிரெய்லரின் முன்கால்களை ஏற்றி இறக்கி, கிங்பின்னைச் சுற்றியுள்ள தட்டு ஹிட்ச் தலையைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வைத்துக்கொண்டு மெதுவாக ரிவர்ஸ் வாருங்கள். தட்டு தலையின் சரிவில் ஏறி உட்காரும், தாடை மூடிக்கொள்ளும்.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. மூக்கு உயரமாக இருந்துவிட்டால் கிங்பின்னின் குமிழ் தாடைக்கு மேலேயே நின்றுவிடும், லீவர் மட்டும் மூடினது மாதிரி காட்டும். முன்கால்களை ஏற்றிவிட்டுக் கிளம்பினால் டிரெய்லர் கழன்று பெட்டின் பக்கச்சுவர்களின் மேல் விழும், இரண்டு சுவரும் நசுங்கிப்போகும். அதனால் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். டிரெய்லரின் தட்டும் ஹிட்சின் தலையும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், தாடை கிங்பின்னின் ஒடுங்கிய கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். லீவருக்குப் பூட்டுப் போடுங்கள். வயரை மாட்டி, பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கம்பி) வண்டியின் உடம்பில் கோருங்கள். ஹிட்சிலேயே கோர்த்தால், ஹிட்ச் பிய்த்துக்கொண்டு போகும் அன்றைக்கு அதுவும் கூடவே போய்விடும். பின்கதவை மூடுங்கள்.

அப்புறம் இழுத்துப் பார்க்கும் சோதனை. முன்கால்கள் தரையைத் தொட்டபடியே இருக்கட்டும், கட்டைகளும் இருக்கட்டும். டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் லேசாக உந்துங்கள். பிடித்திருந்தால் வண்டி நகராது. பிடிக்காமல் வந்துவிட்டாலும் டிரெய்லர் தன் காலிலேயே நிற்கும்.

சாலைக்குப் போகும் முன் ஒரு காலி பார்க்கிங் மைதானம் தேடுங்கள். கூட ஒருவர் கேபினுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்கும்படி பக்கத்தில் தள்ளி நிற்கட்டும். ஃபிக்ஸ்டு ஹிட்சானால் அப்படியே, ஸ்லைடரானால் முன்நிலையில் ஒரு தடவையும் பின்நிலையில் ஒரு தடவையும், நடை வேகத்தில் ரிவர்ஸில் வளைத்துக்கொண்டே போங்கள். இடைவெளி ஒரு சாண் ஆனதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். அங்கேயே நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் எந்த இடம் எங்கே தெரிகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். மறுபக்கத்துக்கும் அதேபோல். இனி ரிவர்ஸில் டிரெய்லரின் விளிம்பு அந்த டேப்பைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டியதுதான், முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி முயலலாம்.

முதல் 50 மைல் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, ரெயில் அல்லது பக் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் போட்ட போல்ட்டுகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும்.